பதினான்காம் நிபந்தனை

வாதாடுவதற்கு நீதிமன்ற வளாகத்தில் ஆளா இல்லை? தடுக்கி விழுந்தால் ஒரு வக்கீல் மேல்தான் விழ வேண்டும். ஆனால் நிபந்தனை எழுத வேண்டும் என்றால் எல்லோரும் நம் வக்கீலம்மாவின் அறைக்குத்தான் படியேறுவார்கள். ஓர் ஆலைக்கோ குப்பைக் கிடங்குக்கோ அனுமதி கொடுக்கும்போது வெறுமனே கொடுத்துவிட மாட்டார்கள். இத்தனை மணிக்கு மேல் லாரி வரக் கூடாது, இவ்வளவுக்கு மேல் தூசி பறக்கக் கூடாது, இன்ன உயரத்துக்குச் சுவர் எழுப்ப வேண்டும் என்று கூடவே ஒரு பட்டியல் போட்டுக் கையைக் கட்டுவார்கள். அந்தப் பட்டியலை ஓட்டை இல்லாமல் எழுதுவது லேசுப்பட்ட வேலையா? கொஞ்சம் அசந்தால் போதும், கம்பெனிக்காரன் அந்த ஓட்டைக்குள் லாரியையே ஓட்டிக்கொண்டு போய்விடுவான். வக்கீலம்மா எழுதினால் சைக்கிள்கூட நுழையாது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மற்ற வக்கீல்கள் முதுகுக்குப் பின்னால் "நிபந்தனை அம்மா" என்று கேலி பேசுவார்கள். காதில் விழுந்தால் முறைப்பாள். உள்ளுக்குள் ஒரே குளுகுளு.

அந்தக் குளுகுளுப்பில்தான் அவள் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். தன் தலையில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் பரவாயில்லை, ஒரு தெருவின் தலையிலும் சேர்த்துப் போட்டாள்.

அந்தத் தெருவில் நாற்பத்து மூன்று வீடுகள். தெருக்கோடியில் ஒரு காலி மனை. அதில் ஜல்லியும் மணலும் சிமென்டும் கலந்து லாரியில் ஏற்றி அனுப்பும் கலவை ஆலை வைக்க ஒரு கம்பெனி மனுப் போட்டது. நகராட்சி முடியாது என்றது. கம்பெனி மேலே முறையிட்டது. விசாரிக்க ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். தெருக்காரர்களுக்கு வக்கீலம்மா ஆஜரானாள்.

தெருச்சங்கத்துக்குத் தலைவி ஒரு தையல்காரம்மா. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அவளுக்குச் சட்டம் தெரியாது, திட்டம் தெரியாது. ஒன்றே ஒன்றுதான் தெரியும். அவள் மகளுக்குப் பன்னிரண்டு வயது, பிறந்ததிலிருந்து வீசிங். தூசி பட்டால் மூச்சு அடைத்துக்கொள்ளும். போன வருஷம் மட்டும் நான்கு தடவை ஆஸ்பத்திரி. "அடுத்த தடவை இப்படி வந்தா என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது" என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். காலி மனைக்கும் அந்தப் பெண் படுக்கிற ஜன்னலுக்கும் நடுவில் முப்பது அடி இருந்தால் அதிகம்.

விசாரணை நூலகத்து மாடி ஹாலில் நடந்தது. நான்கு நாளும், சும்மா சொல்லக் கூடாது, அபாரமாகப் போனது. கம்பெனி கூட்டி வந்த தூசி நிபுணரை வக்கீலம்மா ஒன்றரை மணி நேரம் கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். மனிதர் கடைசியில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். தெருக்காரர்கள் பின் வரிசையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் மதியம் நிபந்தனைப் பேச்சு. இந்தத் தொழிலில் அது ஒரு விசித்திரமான வழக்கம். அனுமதியே கூடாது என்று நான்கு நாள் தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசியவர்களும், "ஒருவேளை கொடுத்தால்" என்று எதிராளியோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து நிபந்தனைகளைத் திருத்திக் கொடுக்க வேண்டும். அதனால் நம் வாதத்துக்கு எந்தப் பங்கமும் வராது என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

தையல்காரம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை. ஹால் வாசலில் வக்கீலம்மாவை நிறுத்திக் கேட்டாள்.

"ஏம்மா, ஆலையே வேணாம்னுதானே சொல்றோம்? அப்புறம் நீங்க எதுக்கு உக்காந்து அவங்களுக்கு எழுதிக் குடுக்கறீங்க?"

"அவங்களுக்கு இல்லம்மா, நமக்கு. ஒருவேளை தோத்துட்டா வெறுங்கையோட நிக்கக் கூடாது பாருங்க."

"கதவைச் சாத்திட்டு ஜன்னல் வழியா சாவியக் குடுக்கற மாதிரி இருக்கும்மா."

வக்கீலம்மா சிரித்தாள். "பயப்படாதீங்க. இது எப்பவும் நடக்கறதுதான்" என்று தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

கம்பெனியின் பட்டியலில் பதினோரு நிபந்தனைகள் இருந்தன. எல்லாம் ஒப்புக்குச் சப்பாணி. படிக்கப் படிக்க அவளுக்குக் கை பரபரத்தது. "போதுமான தடுப்பு" என்று இருந்தது. எதற்குப் போதும், யாருக்குப் போதும்? அடித்தாள், திருத்தினாள், சேர்த்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டியலில் இருபத்தாறு நிபந்தனைகள். பதினான்காவது அவளுடைய செல்லம். ஆலையின் எல்லையில் தூசியை அளக்கும் மீட்டர் வைக்க வேண்டும். அளவு தாண்டினால் அந்த நிமிஷமே வேலையை நிறுத்த வேண்டும். தினமும் பதிவேட்டில் குறித்து மாதாமாதம் நகராட்சிக்கு அனுப்ப வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேறொரு தெருவுக்காக அவள் முதன்முதலில் எழுதியது. அதையும் சேர்த்து இதுவரை பதினோரு உத்தரவுகளில் அச்சு அசலாக ஏறிவிட்டது. மாநாடுகளில் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

எதிர்த் தரப்பு வக்கீல் அவளோடு ஒரே கல்லூரியில் படித்தவன். எப்போதும் பல் தெரியும்படி இருப்பதால் அன்றைக்கே அவனுக்குச் சிரிப்பழகன் என்று பெயர். அவள் ஒவ்வொரு நிபந்தனையாகப் படிக்கப் படிக்க அவன் தலையை ஆட்டி, "ஆட்சேபணை இல்லை" என்றான். இருபத்தாறு தடவை. வேறு யாராக இருந்தாலும் மூக்கில் வியர்த்திருக்கும். இவளோ, அடேயப்பா, மலையையே புரட்டிவிட்டோம் என்று பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அறையில் நின்றபடியே பிரித்தாள். தூசி ஆபத்து உண்மை, தெருக்காரர்களின் பயம் நியாயம், அந்தக் குழந்தையின் நிலை கவலைக்குரியது என்று பக்கம் பக்கமாக இருந்தது. சந்தோஷமாகப் புரட்டினாள். நாற்பத்தோராவது பத்தியில் கண் நின்றது.

"எனினும், எதிர்ப்பாளர்களின் வழக்கறிஞரே முன்மொழிந்த விரிவான நிபந்தனைகள், குறிப்பாகப் பதினான்காவது, இந்த ஆபத்தை முழுமையாகக் கட்டுப்படுத்தும் என்று முடிவு செய்கிறேன். ஆகவே அனுமதி வழங்கப்படுகிறது."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இருபத்தாறு தடவை ஆட்டிய அந்தத் தலை அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பாவி, அவளைக் கொண்டே அவளைத் தோற்கடித்துவிட்டான். அவன்மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் அதற்கும் வழி இல்லை. அவன் ஒன்றையுமே ஆட்சேபிக்கவில்லையே.

போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரே தையல்காரம்மா வீட்டுக்குப் போனாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மேஜைமேல் ஒரு பக்கம் நீலத் துணி, இன்னொரு பக்கம் மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் சின்ன இயந்திரம். தையல்காரம்மா கடைசிவரை மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள். பிறகு காலை எடுத்தாள்.

"அப்போ நீங்க எழுதிக் குடுத்ததாலதான் குடுத்தாங்களா?"

வக்கீலம்மாவுக்குப் பதில் பல இருந்தன. வழக்கம், விதி, முறை.

"ஆமாம்மா."

"சரி, நீங்க எழுதினது வேலை செய்யுமில்ல? அதையாவது சொல்லுங்க. அளவு தாண்டினா நிறுத்திருவாங்கல்ல?"

"நிறுத்தணும்னுதான் எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்கறதை நானும் படிச்சேம்மா. நிறுத்துவாங்களான்னு கேக்கறேன்."

வக்கீலம்மா எழுந்து வந்துவிட்டாள். தீர்ப்பை எதிர்த்து மேல் நீதிமன்றத்துக்குப் போக ஆறு வாரம் கெடு. அதற்குள் ஒரு சட்டக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆலை வந்துவிடும்.

இரண்டு வாரம் தேடினாள். அதிகாரி ஒரு தவறும் செய்யவில்லை. எழுதிக் கொடுத்ததை நம்பியதுதான் அவர் செய்த காரியம். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துப் புருஷன் என்னவென்று கேட்டான். அவன் பல் டாக்டர். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுடைய வழக்குகளைக் காதில் வாங்கிக்கொள்ளாதவன். அன்றைக்கு முழுவதும் கேட்டான்.

"அந்தப் பதினாலு நிஜமாவே வேலை செய்யுதா?"

"நீயுமா? பதினோரு இடத்துல இருக்கு."

"இருக்குங்கறது தெரியுது. நான் ஒரு பல்லைப் பிடுங்கினா ரெண்டு நாள் கழிச்சுப் போன் பண்ணி வலி எப்படி இருக்குன்னு கேப்பேன். நீ யாரையாவது கேட்டிருக்கியா?"

"வழக்கு முடிஞ்சா முடிஞ்சதுதான். வக்கீலுக்கு அங்க என்ன வேலை?"

"அதுசரி" என்று சொல்லிவிட்டு அவன் பேப்பரை எடுத்துக்கொண்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நிமிஷத்தில் கார்ச் சாவியை எடுத்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பதினான்காம் நிபந்தனையை எழுதிக் கொடுத்த தெரு ஊரின் மறுகோடியில் இருந்தது. அங்கே அவள் கட்சிக்காரர் ஒரு லாண்டரிக்காரர். அந்த வழக்கிலும் ஆலைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் இவ்வளவு கெட்டியான நிபந்தனையோடு கிடைத்ததே என்று அன்றைக்கு எல்லோரும் அதை வெற்றியாகத்தான் கொண்டாடினார்கள். மாலைகூடப் போட்டார்கள். தெருவில் இறங்கியதும் செருப்புக்குக் கீழே நறநறவென்றது. மரத்து இலைகளெல்லாம் சாம்பல் நிறம்.

"அட, வக்கீலம்மா! நீங்களா! வாங்க வாங்க" என்று லாண்டரிக்காரர் துள்ளி எழுந்தார். திட்டியிருந்தால் தேவலை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் துடைத்தார். கடையின் ஜன்னல்கள் எல்லாம் டேப் ஒட்டி அடைக்கப்பட்டிருந்தன. மொட்டை மாடியில் துணி காயப்போட்டு ஏழு வருஷம் ஆகிறதாம். ஆஸ்பத்திரி விரிப்புகள் வந்துகொண்டிருந்தன, துவைத்து அனுப்பினால் அழுக்காக இருக்கிறது என்று நிறுத்திவிட்டார்களாம். சுவரில் அவள் வாங்கிக் கொடுத்த உத்தரவு கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது.

"மீட்டர் இருக்கா?" என்று கேட்டாள்.

"ஜம்முனு இருக்கும்மா. மேல ஒரு பிளாஸ்டிக் பை மாட்டி வெச்சிருக்காங்க. மழையில நனையுமாம்."

"புகார் குடுக்கலையா?"

அவர் சிரித்துக்கொண்டே மேஜைக்குக் கீழேயிருந்து ஒரு பெரிய துணிப்பையை இழுத்தார். இருநூற்று முப்பது புகார்கள். எல்லாவற்றுக்கும் நகல். நகராட்சிக்கு ஒரே ஓர் ஆய்வாளர், அவர் தலையில் முந்நூறு இடம். ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் ஆலைக்காரர்கள் முதல்நாளே தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். பையின் அடியில், ஆலை மாதாமாதம் அனுப்பிய பதிவேட்டின் நகல்கள் இருந்தன, நகராட்சியில் எழுதிக் கேட்டு அவர் வாங்கியவை. எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. வாசலில் இருக்கும் வாட்ச்மேன் மாசக் கடைசியில் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதுவாராம். லாண்டரிக்காரர் ஒரு தாளை எடுத்து விரலை வைத்தார்.

"இதைப் பாருங்க. ஜூன் முப்பத்தொண்ணு. அன்னிக்குத் தூசி ரொம்பக் கம்மிம்மா."

இல்லாத தேதிக்கு ஓர் அளவு. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒன்பது வருஷமாக மேடை ஏறி இந்த வாக்கியத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்தத் தெருவுக்கு வந்திருந்தால்! வெட்கத்தில் உடம்பே கூசியது.

அதோடு அவள் தேடிய சட்டக் காரணமும் அந்தப் பைக்குள்தான் இருந்தது. நடைமுறைப்படுத்த முடியாத நிபந்தனையை நம்பிக் கொடுத்த அனுமதி செல்லாது. இந்தப் பையைக் காட்டினால் தையல்காரம்மாவின் தெரு தப்பிக்கும். ஆனால் விளைவைச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போக அவளால் முடியவில்லை. தையல்காரம்மாவின் தெருவையும் வீசிங் உள்ள மகளையும் பற்றி முதலில் சொன்னாள்.

"இதை நான் கோர்ட்டுல குடுத்தா அந்த ஆலை நின்னுடும். ஆனா இந்த நிபந்தனை உதவாதுன்னு தீர்ப்பாயிடும். அப்புறம் உங்க ஆலைக்காரங்களும் அதையே சொல்லிக் கிளம்புவாங்க. இருக்கற பேருக்கும் இல்லாம போயிடும்."

லாண்டரிக்காரர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு எத்தனை வயசு சொன்னீங்க?"

"பன்னெண்டு."

"எடுத்துட்டுப் போங்கம்மா. பேருக்கு இருக்கறதை வெச்சு நான் மட்டும் என்ன பண்ணப் போறேன்?" என்றார். பையைக் காரில் வைக்கும்போது மட்டும், "எங்களையும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார்.

ஒரே வழக்கில் வக்கீலாகவும் சாட்சியாகவும் இருக்க முடியாது. அதனால் வழக்கைப் பக்கத்து அறை வக்கீலிடம் கொடுத்தாள். அவருக்குத் தொண்டை என்று பெயர். மூன்றாவது மாடியில் பேசினால் வாசலில் கேட்கும். அவள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துவிட்டு அவர் கதவைச் சாத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"உனக்கென்ன பைத்தியமா? இது உன் பேரையே குழி தோண்டிப் புதைக்கறது. நீ எழுதினது உதவாதுன்னு நீயே சத்தியம் பண்றே. நாளைக்கு உன்கிட்ட எவன் வருவான்?"

"தாக்கல் பண்ணுங்க."

"மத்த பத்து இடம்?"

"தாக்கல் பண்ணுங்கண்ணே. கெடு வெள்ளிக்கிழமை."

விசாரணை நாளன்று வக்கீலம்மா கறுப்பு அங்கி இல்லாமல் பொதுமக்கள் பெஞ்சில் தையல்காரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த பெஞ்சு இவ்வளவு கடினமானது என்று அவளுக்குத் தெரியாது. சிரிப்பழகன் எழுந்தான். இவர்களே கேட்டு வாங்கிய நிபந்தனையை இவர்களே உதவாது என்றால் நாளைக்கு யார் எதை நம்புவது என்று கேட்டான். நியாயமான கேள்விதான். தொண்டை இரண்டு தடவை கனைத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"வாக்குமூலம் குடுத்த அம்மா இங்க இருக்காங்களா?"

அவள் எழுந்து நின்றாள்.

"இந்த நிபந்தனையை எழுதினது நீங்கதானே?"

"நான்தான்."

"எழுதும்போது இது நடக்காதுன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு தோணலை. நல்லா எழுதியிருக்கேன்னு நினைச்சேன், அதோட விட்டுட்டேன்."

"வேற எத்தனை இடத்துல இது இருக்கு?"

"பதினோரு இடம். ஒரு இடத்துக்குத்தான் போய்ப் பார்த்தேன். மத்த பத்துக்கு இன்னும் போகலை."

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பழகன் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான். நீதிபதி ஜூன் முப்பத்தொன்று என்று இருந்த தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

பன்னிரண்டு நாளில் தீர்ப்பு. அனுமதி ரத்து. பதினான்காம் நிபந்தனை நடைமுறைக்கு ஒவ்வாதது, அதை நம்பி எடுத்த முடிவு நிற்காது என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். கம்பெனி மனையை விற்றுவிட்டுப் போய்விட்டது. தையல்காரம்மா வக்கீலம்மாவின் அறைக்கே வந்து, எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மகளையும் கூட்டி வந்திருந்தாள். அந்தப் பெண் மூன்று மாடியும் படியேறி வந்து, மூச்சு வாங்காமல் நின்றுகொண்டிருந்தது.

வக்கீலம்மாவுக்கும் அழுகை வந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டாள். புருஷன்கூட, "என்னமோ சாதிச்சுட்டே" என்றான். மறுநாளே மற்ற பத்து இடங்களின் முகவரியையும் ஒரு தாளில் எழுதி, ஞாயிறுதோறும் ஒன்று என்று கணக்குப் போட்டு மேஜையில் வைத்தாள். லாண்டரிக்காரருக்காகப் புது மனு ஒன்றும் எழுத ஆரம்பித்தாள். அவர் ஆலைக்கு அனுமதி கொடுத்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. எதிர்க்கும் ஆறு வாரக் கெடு என்றைக்கோ முடிந்த கதை. புது வழி தேட வேண்டும். தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு ஞாயிறு போனது.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, பகல் பதினொரு மணிக்குப் போன் வந்தது. பின்னால் லாரிச் சத்தம்.

"வக்கீலம்மா, ஆலையில மீட்டரைக் கழட்டறாங்க. நான் கேட்டுக்கிட்டே வாசல்ல நிக்கறேன். என் கையில ஒரு காகிதத்தைக் குடுத்திருக்காங்க. நகராட்சியில மனு குடுத்து, நிபந்தனையையே எடுக்க வெச்சுட்டாங்களாம்."

"யார் எடுத்தது? எதைக் காட்டி எடுத்தாங்க? படிங்க."

லாண்டரிக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். நடைமுறைக்கு ஒவ்வாதது. உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்புறம் நிறுத்தினார். தூசியில் இருமினார்.

"உங்க வாக்குமூலத்தைச் சேர்த்து வெச்சிருக்காங்கம்மா. உங்க பேர் போட்டிருக்கு, உங்க கையெழுத்து இருக்கு. என்கிட்ட வாங்கிட்டுப் போனீங்களே, அந்தத் தாளும் இருக்கு."

அவள் எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை.

"நிறுத்துங்கன்னு சொன்னா எந்தச் சட்டப்படின்னு கேக்கறாங்க" என்றார் அவர். "என்னம்மா சொல்லட்டும்? ஒரு வரி சொல்லுங்க, அப்படியே சொல்லிடறேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் யாருக்கும் ஒரு வரி கொடுக்க முடியாமல் அவள் நின்றதில்லை. போனைக் காதில் வைத்தபடி நின்றாள். அந்தப் பக்கம் ஸ்பேனர் இரும்பில் உரசும் சத்தம் கேட்டது, ஏதோ கீழே விழுந்தது, யாரோ "பாத்து, பாத்து" என்றார்கள்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள் அவள்.